கன்சோல் கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி: வகைக்கேற்ற அளவுகோல்கள்

நெல்லுக்கு மரக்கால், துணிக்கு முழம் என்று பொருளுக்கேற்ப அளவு மாறுவது எல்லோரும் அறிந்ததே. ஆனால் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கும் பலர் கிராஃபிக்ஸ், இசை, கதை, கண்ட்ரோல் என்று நான்கு தலைப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, கையில் கிடைக்கும் எந்த கேமுக்கும் அந்த நான்கிலும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். அப்படிக் கூட்டினால் இருவர் மோதும் சண்டை கேமான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ கதையில் மதிப்பெண் இழக்கும். சீட்டுக்கட்டை வைத்து விளையாடும் ‘பலாட்ரோ’ காட்சியமைப்பில் இழக்கும். முதலாவதைக் கதைக்காகவோ இரண்டாவதைக் காட்சிக்காகவோ வாங்குபவர்கள் மிகச் சிலரே என்பதால், அந்தக் கூட்டுத்தொகை வாசகருக்கு எதையும் சொல்வதில்லை. ஒரு கேம் தன் வகையால் எதைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது, அதைத் தருகிறதா என்பதற்கே விமர்சகர் விடை காண வேண்டும். அந்த விடையைத் தேடும் வழி வகைக்கு வகை மாறும்; சில குறிப்புகள் மட்டும் எந்த வகைக்கும் மாறாதவை.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

மாறாதவற்றிலிருந்து தொடங்குவோம். எந்தக் கன்சோலில், எந்த மோடில் (காட்சித் தெளிவுக்கா, வேகத்துக்கா முன்னுரிமை என்ற அமைப்பில்), எந்தப் பதிப்பு எண்ணில், எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள் என்ற நான்கு விவரங்களும் விமர்சனத்தின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்லப்படுவதன்று. 2020 டிசம்பர் 10 அன்று ‘சைபர்பங்க் 2077’ வெளியாவதற்கு முன் வந்த விமர்சனங்கள் கணினிப் பதிப்பை விளையாடி எழுதப்பட்டவை. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களில் அதே கேம் எவ்வளவு தடுமாறுகிறது என்பதைக் காசு கொடுத்து வாங்கியவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து நீக்கியது. 2021 ஜூனில்தான் அது அங்கே திரும்பியது. அந்த விமர்சனங்களின் பாராட்டு பொய்யன்று. ஆனால் அது வாசகர் பலரின் வீட்டிலிருந்த கருவியைப் பற்றியதாகவும் இல்லை.

கன்சோல் ஒன்றேயானாலும் மோட் மாறினால் அனுபவம் மாறும். நொடிக்கு 30 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படம்) என்றால் ஒவ்வொரு பிரேமும் 33.3 மில்லிநொடி திரையில் நிற்கும். 60 என்றால் 16.7 மில்லிநொடி. நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் டிவிகளுக்காகச் சில கேம்கள் தரும் 40 பிரேம் மோட், எண்ணளவில் 30க்கு அருகில் இருப்பதாகத் தோன்றினாலும், ஒரு பிரேமுக்கு 25 மில்லிநொடி என்பதால் நேரக் கணக்கில் அவ்விரண்டுக்கும் சரிநடுவில் அமைகிறது. கையில் உணரும் வித்தியாசம் எண் காட்டுவதைவிடப் பெரிது. எனவே எதிரிகளும் வெடிப்புகளும் நிறைந்த ஒரே இடத்தை இரண்டு மோடுகளிலும் விளையாடிப் பார்த்து, எதை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். 2024 பிப்ரவரியில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்’தின் வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடில் காட்சி மங்கலாகத் தெரிந்தது, அதைக் குறிப்பிடாமல் “அழகான கேம்” என்று மட்டும் எழுதியிருந்தால், வேகமான ஓட்டத்தை விரும்பி அந்த மோடைத் தேர்ந்தெடுத்தவர் ஏமாந்திருப்பார்.

படத்தைத் தாமதமின்றிக் காட்ட உதவும் டிவியின் ‘கேம் மோட்’ இயங்குகிறதா என்பதையும் தொடங்குமுன் பாருங்கள். பிளாட்ஃபார்மர் (ஓடித் தாவி இடங்களைக் கடக்கும் கேம்) ஒன்றில் தாவும் பட்டனை அழுத்தியபின் பாத்திரம் தாமதமாகத் தாவுகிறது என்று நான் ஒருமுறை இரண்டு பத்திகள் எழுதிவிட்டேன். தாமதம் கேமில் இல்லை, படத்தை மெருகேற்றும் என் டிவியின் அமைப்பில் இருந்தது என்று தெரிந்ததும் அந்த இரண்டு பத்திகளையும் வெட்டிவிட்டு மீண்டும் விளையாட வேண்டியதாயிற்று.

தாவலும் ஓட்டமும்

பிளாட்ஃபார்மர் வகையை எடைபோடுவது எளிது என்று தோன்றும். உண்மையில் இதற்குத்தான் கூர்மையான கவனம் தேவை. முதல் லெவலில் எதையும் சேகரிக்காமல், யாரையும் தாக்காமல், பத்து நிமிடம் ஓடித் தாவிக்கொண்டே இருங்கள். பட்டனைச் சற்றே தொட்டால் குறைவாகவும், அழுத்திப் பிடித்தால் உயரமாகவும் தாவுகிறதா, விளிம்பைத் தாண்டிய மறுகணம் அழுத்தினாலும் கேம் மன்னிக்கிறதா, தரையில் விழும் நிழல் எங்கே இறங்குவோம் என்பதைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் சலிக்காமல் இருந்தால் கேமின் அடித்தளம் உறுதியானது.

அடுத்து, புதிய யோசனைகள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு வெளிவந்து, அவ்வாண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்வான ‘ஆஸ்ட்ரோ பாட்’, பல லெவல்களில் ஒரு புதிய சக்தியைக் கொடுத்து, அது பழகிச் சலிக்குமுன் பறித்துக்கொண்டு அடுத்ததைக் காட்டுகிறது. ‘வேடிக்கையாக இருக்கிறது’ என்று எழுதுவதைவிட, அந்தக் கொடுத்துப் பறிக்கும் தாளத்தை ஒரு லெவலை எடுத்துக்காட்டி விளக்கினால் வாசகர் தானே புரிந்துகொள்வார். 2025 ஜூலையில் ஸ்விட்ச் 2க்கு வந்த ‘டாங்கி காங் பனான்ஸா’வில் நிலத்தையே குடைந்து செல்லலாம் என்பதால், அங்கே கேமராவே, அதாவது நாம் பார்க்கும் கோணமே, சோதிக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது: சுரங்கத்துக்குள் நுழைந்தபின் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறதா? ஒரே வகைக்குள்ளும் கேள்விகள் இப்படி இடம் மாறும்.

நீண்ட கதைகள்

ஒரு பாத்திரமாகவே மாறி நீண்ட கதையை வாழ்ந்து பார்க்கும் ரோல் பிளேயிங் கேம்களில் விமர்சகரின் முதல் எதிரி நேரம். ‘பால்டர்ஸ் கேட் 3’ நூறு மணி நேரத்தை எளிதாக விழுங்கிவிடும். அதன் மூன்றாம் பகுதியில் வரும் நகரத்தில்தான் பிரேம் வேகம் சரிந்தது என்பதால், முதல் இரண்டு பகுதிகளோடு நிறுத்திக்கொண்டவர்கள் அந்தக் குறையைக் கண்டிருக்கவே முடியாது. எல்லா கேமையும் முடித்த பிறகே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். எங்கே நிறுத்தினீர்கள் என்று மறைக்காமல் எழுதினால் போதும். முடிக்காமலேயே முடித்ததுபோல் எழுதுவதுதான் தவறு.

“உங்கள் முடிவுகள் கதையை மாற்றும்” என்று கேம் சொன்னால் அதை நம்பாதீர்கள், சோதியுங்கள். ஒவ்வொரு பெரிய முடிவுக்கு முன்பும் தனி சேவ் (அதுவரையிலான ஆட்டத்தின் சேமிப்பு) ஒன்றை வைத்துக்கொண்டு, பிறகு திரும்பிவந்து எதிர்த்திசையில் ஒரு மணி நேரம் செல்லுங்கள். இரண்டு வழிகளும் ஒரே உரையாடலில் வந்து சேர்ந்தால், அந்தச் சுதந்திரம் தோற்றம் மட்டுமே. போர் முறைக்கும் இத்தகைய சோதனை உண்டு. 2025 ஏப்ரலில் வெளியான ‘கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ முறை வைத்து ஆடும் கேமாக இருந்தும், எதிரியின் அடியைச் சரியான நொடியில் பட்டனை அழுத்தித் தடுக்கவோ விலகவோ வைக்கிறது. ஆகவே இரண்டு விதமாக விளையாடிப் பார்க்க வேண்டும்: தடுப்பதில் கைதேர்ந்த ஒருவருக்கு ஆயுதங்களையும் திறன்களையும் சேர்த்து அமைக்கும் வேலை தேவையற்றதாகிறதா? கை வேகம் குறைந்தவரை அந்த அமைப்பு வேலை காப்பாற்றுகிறதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத விமர்சனம் அந்த கேமின் உயிர்நாடியைத் தொடவில்லை என்பேன்.

பரந்த திறந்த உலகம் கொண்டவற்றுக்கு ஒரு சிறிய சோதனை போதும். வரைபடக் குறிகளை அணைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒரு மலையையோ கோபுரத்தையோ நோக்கி ஒரு மணி நேரம் நடங்கள். வழியில் கேம் உங்களை எத்தனை முறை திசை திருப்பியது, அந்தத் திருப்பங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இருந்தனவா என்று குறித்து வையுங்கள். ‘எல்டன் ரிங்’ இந்தச் சோதனையில் தேறியதற்குக் காரணம் அதன் பரப்பளவு அல்ல.

எதிரே ஒரு மனிதர் இருக்கும்போது

ஃபைட்டிங் கேமைத் தனியாக விளையாடி விமர்சனம் எழுதுவது, மேளக்காரரின் வாசிப்பை மேளத்தைப் பார்த்தே மதிப்பிடுவது போன்றது. 2023 ஜூனில் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’இல் மரபான கண்ட்ரோலோடு ‘மாடர்ன்’ என்ற எளிய கண்ட்ரோலும் உண்டு. அதில் ஒரு பட்டனும் ஒரு திசையுமே சிறப்புத் தாக்குதலை வெளிக்கொணரும். அதற்கு விலையாக, அப்படிக் குறுக்குவழியில் வரும் தாக்குதலின் வலிமை 20 சதவீதம் குறையும். இந்தப் பண்டமாற்று நியாயமானதா என்பதை மனித எதிராளிகளிடம் இரண்டு முறைகளிலும் ஆடித்தான் அறிய முடியும். கணினி எதிராளி அதைச் சொல்லித் தராது.

ஆன்லைன் தொழில்நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். ‘ரோல்பேக்’ முறையில், எதிராளியின் பட்டன் தகவல் வந்து சேரும்வரை காத்திராமல் கேம் அதை ஊகித்து ஆட்டத்தை நகர்த்துகிறது. ஊகம் தவறினால் சில பிரேம்கள் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தம் கண்ணில் படாத அளவுக்கு இருக்கிறதா என்பதை அருகிலுள்ளவருடனும் தொலைவிலுள்ளவருடனும் ஆடி ஒப்பிடுங்கள். வெளியீட்டுக்கு முன் சர்வரில் விமர்சகர்கள் மட்டுமே இருப்பார்கள் என்பதால், ஆன்லைன் பற்றிய தீர்ப்பை வெளியான பிறகு எழுதுவதே முறை.

2025 மார்ச்சில் வந்த ‘ஸ்ப்ளிட் ஃபிக்ஷன்’ போன்று இருவர் சேர்ந்தே ஆட வேண்டியவற்றுக்குத் துணை ஆட்டக்காரரை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். உங்களளவு தேர்ச்சி பெற்ற ஒருவருடன் ஆடினால் எல்லாம் சீராகவே தோன்றும். கண்ட்ரோலரை அரிதாகத் தொடும் ஒருவரை அருகில் உட்காரவைத்தால், கேம் எங்கே சரியாகக் கற்றுத் தரவில்லை என்பது அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். இருவருக்கும் இடையில் எழும் சிறு சண்டைகளும் பயனுள்ள குறிப்புகளே.

பணம் எங்கே கேட்கப்படுகிறது

ரேசிங் கேம்களில் கார் திரும்பும் உணர்வையும், பிரேக் பிடிக்கும்போது கண்ட்ரோலர் தரும் அதிர்வையும், முந்திச் செல்லும் எதிராளிகள் இயல்பாக ஓட்டுகிறார்களா என்பதையும் எல்லோரும் எழுதுவார்கள். ஒரு கார் வாங்க எத்தனை பந்தயங்கள் ஓட்ட வேண்டும் என்ற கணக்கைச் சிலரே போடுகிறார்கள். 2022 மார்ச்சில் வெளியான ‘கிரான் டூரிஸ்மோ 7’க்குப் பாராட்டுகள் குவிந்த சில வாரங்களில், ஓர் அப்டேட் சில பந்தயங்களின் பரிசுத்தொகையைக் குறைத்தது, உண்மைப் பணத்தைக் கொடுத்துக் கேம் பணம் வாங்கும் வசதியும் உள்ளே இருந்ததால் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதத்தில் சர்வர் ஒரு நாளுக்கும் மேலாக நின்றபோது, தனியாக ஆடும் பகுதிகளில் பெரும்பாலானவையும் இணைய இணைப்பை நம்பியே இருப்பது பலருக்குப் புரிந்தது. 2024 மார்ச்சில் ‘டிராகன்ஸ் டாக்மா 2’ வெளியான நாளன்று கடைப்பக்கத்தில் தனித்தனியாக விற்கப்பட்ட பொருட்களும் இதேபோல் சலசலப்பை உண்டாக்கின.

ஆகவே வெளியீட்டு நாளில் கடைப்பக்கத்தைத் திறந்து, எவையெல்லாம் விற்கப்படுகின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டே விமர்சனத்தை முடியுங்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு கேமைத் திறந்தும் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கடினமும் அணுகலும்

‘எல்டன் ரிங்’இல் கடினத்தைக் குறைக்கும் அமைப்பே கிடையாது, 2020 ஜூனில் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’இல் பார்வை, செவி, உடல் குறைபாடு உள்ளவர்களும் ஆட உதவும் அணுகலுக்கென 60க்கும் மேற்பட்ட அமைப்புகள் உண்டு. இவற்றில் ஒன்று சரி, மற்றது தவறு என்று தீர்ப்பு வழங்குவது விமர்சகரின் வேலை அன்று. எந்தக் கடின அளவில் ஆடினீர்கள், தோற்றபின் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது, தோல்வி எதையாவது கற்றுக்கொடுக்கிறதா என்பவற்றை எழுதுங்கள். வழக்கமாக உட்காரும் தொலைவிலிருந்து எழுத்துகளைப் படிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். சோஃபாவிலிருந்து படிக்க முடியாத எழுத்தளவு இன்றும் கன்சோல் கேம்களின் பெரும் சாபம்.

திகில் கேம்களுக்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை: ஹெட்போனோடு, ஒரே மூச்சில் ஆடாமல், கையிருப்புத் தோட்டாக்களை அவ்வப்போது குறித்துக்கொண்டு ஆடுங்கள். தோட்டாக்கள் குவியத் தொடங்கும் இடத்தில்தான் பயமும் பெரும்பாலும் குறையத் தொடங்கும்.

எழுத உட்காரும்போது

கதைச் சுருக்கத்தை மூன்று வாக்கியங்களுக்குமேல் நீட்டாதீர்கள். ஒவ்வொரு கருத்துக்கும் கேமிலிருந்து ஒரு குறிப்பிட்ட கணத்தைச் சான்றாக வையுங்கள். “போர் சலிப்பூட்டுகிறது” என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்த எதிரியை எத்தனையாவது முறை சந்தித்தபோது சலித்தது என்று எழுதுங்கள். கேமை நிறுவனம் இலவசமாகத் தந்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் கொடுப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கொடுத்தே தீர வேண்டுமென்றால், கட்டுரை முழுவதையும் எழுதி முடித்தபின் கொடுங்கள். முதலில் எண்ணை நிர்ணயித்துக்கொண்டால் வாக்கியங்கள் அந்த எண்ணுக்கு ஏற்ப வளையத் தொடங்கிவிடும்.

பேட்ச் (வெளியான பின் வரும் திருத்த அப்டேட்) வந்து கேம் மாறினால் பழைய விமர்சனத்தை அழித்துத் திருத்தாமல், புதிய தேதியையும் பதிப்பு எண்ணையும் போட்டு அதன் கீழே சேர்த்து எழுதுங்கள். ‘சைபர்பங்க் 2077’இன் பல அமைப்புகளை மாற்றியமைத்த 2.0 அப்டேட் 2023 செப்டம்பரில் வந்தபோது அந்த கேமுக்குப் புதிதாகப் பாராட்டுகள் கிடைத்தன. ஆனால் பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் அந்த அப்டேட் வரவில்லை. அவற்றை இன்னும் வைத்திருப்பவருக்கு, தேதியும் கன்சோலின் பெயரும் குறிக்கப்பட்ட பழைய குறிப்புகளே பயன்படும்.