ஐந்து ஆக்சிஸ் ரவுட்டரில் இசட் மட்டும் எடுத்தால் போதாது

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஐந்து ஆக்சிஸ் ரவுட்டரில், அதாவது மூன்று திசையில் நகர்வதோடு தலை சாய்ந்து திரும்பவும் செய்கிற கம்ப்யூட்டர் மெஷினில், வெட்டும் டூலை மாற்றிவிட்டு நேராக ஸ்டார்ட் பட்டனுக்குக் கையைக் கொண்டு போனான். "டூல் நீளம் அளந்தியா?" என்று கேட்டேன். "இசட் எடுத்தாச்சுங்கண்ணா" என்றான். டூல் முனையை ஜாபின் (வெட்டப்போகும் பலகையின்) மேல் முகத்தில் தொட்டு அந்த உயரத்தைப் பூஜ்யம் ஆக்குவதைத்தான் அப்படிச் சொல்வோம். நானும் ஒரு காலத்தில் இதே பதிலை இதே நம்பிக்கையோடு என் முதலாளியிடம் சொன்னவன்தான். அதன் பிறகு நடந்தது இன்று வரை மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கோவையில் ஃபவுண்டரிகளுக்கு பேட்டர்ன் (மணல் அச்சு எடுக்க உதவும் மாதிரி), கோர் பாக்ஸ் (வார்ப்பின் உள்குழிவுக்கான மணல் கருவை எடுக்கும் பெட்டி) செய்கிறோம். வேலை குறைந்த மாதங்களில் தேக்குக் கதவு, கடைசல் தூண், எஃப்ஆர்பி (கண்ணாடி இழை) அச்சு என்று எது வந்தாலும் எடுப்போம். டூலை இறுக்கு, கண்ணாடி போடு, தூசி உறிஞ்சியை ஓட விடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் நாளே யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மூன்று ஆக்சிஸில் நன்றாகக் கை பழகியவர்களே ஐந்து ஆக்சிஸுக்கு வந்ததும் செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

டூல் நீளத்தை இசட்டோடு குழப்பிக்கொள்வது

மூன்று ஆக்சிஸில் டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கவலை இல்லை. ஜாபின் மேல் முகத்தைத் தொட்டு இசட்டைப் பூஜ்யம் ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும், ஏனென்றால் டூல் எப்போதும் நேர் செங்குத்தாகவே நிற்கிறது. நாம் வருடக்கணக்கில் பழகியது அதுதான், கை தானாக அதைத்தான் செய்யும்.

ஐந்து ஆக்சிஸில் தலை சாயும்போது அது டூல் முனையை மையமாக வைத்துச் சாய்வதில்லை. தலைக்குள்ளே இருக்கிற பிவட்டை (சாயும் அச்சின் புள்ளியை) மையமாக வைத்துத்தான் சாய்கிறது. அந்தப் பிவட்டிலிருந்து முனை வரை எத்தனை மில்லிமீட்டர் என்பது கன்ட்ரோலருக்கோ போஸ்ட் புராசஸருக்கோ (டூல் பாதையை மெஷின் புரோகிராமாக மாற்றும் மென்பொருளுக்கோ) சரியாகத் தெரிந்தால்தான், சாய்ந்த பிறகு முனை எங்கே இருக்கும் என்று அது கணக்குப் போட முடியும். அந்த நீளம் தப்பாக இருந்தால், செங்குத்தாக நிற்கும் வரை எல்லாம் சரியாக இருக்கும். சாய்ந்த நொடியில் தப்பு வெளியே வரும்.

என் கதை இது. பம்ப் கேசிங் ஒன்றுக்கு பேட்டர்ன், பியூ (பாலியூரிதீன்) பலகையில். சுற்றிலும் 45 டிகிரி சரிவு, அந்தச் சரிவில் லூஸ் பீஸ் (பாஸ் என்கிற புடைப்பைக் கொடுக்கும் தனித் துண்டு) உட்கார ஆறு பள்ளங்கள். இரண்டாவது பள்ளத்துக்கு முன்னால் டூல் முனை உடைந்தது. அதே கம்பெனியின் அதே அளவு டூலை எடுத்து மாட்டினேன். பழையதைவிட 3 மி.மீ. கூடுதலாக வெளியே நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மேல் முகத்தைத் தொட்டு இசட் எடுத்தேன், ஓட்டினேன்.

3 மி.மீ. தப்பு 45 டிகிரியில் என்ன செய்யும் என்று பாருங்கள். 3 ஐ சைன் 45 ஆல் பெருக்கினால் 2.12. அதன் பிறகு வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் சரிவின் மேல் அவ்வளவு தூரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆழம் 0.88 மி.மீ. கூடிவிட்டது. ஆனால் பள்ளத்தின் அகலமும் நீளமும் அச்சு அசலாகச் சரியாக இருந்தன, ஏனென்றால் முழுப் பள்ளமும் ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது. வெர்னியர் வைத்து அகலத்தை அளந்தேன், டிராயிங்கோடு பொருந்தியது, திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் லூஸ் பீஸை உட்காரவைத்தவர், "கொஞ்சம் அமுங்குதே" என்று சொல்லி அடியில் ஒரு அட்டைத் துண்டை வைத்து மட்டம் செய்துவிட்டார். அந்த அட்டையின் கனம்தான் அந்த 0.88. மெஷின் தன் தப்பைக் காட்டிக் கொடுத்த ஒரே இடம் அதுதான், அதையும் நாங்கள் அட்டை வைத்து மூடினோம். பேட்டர்ன் ஃபவுண்டரிக்குப் போனது, வார்த்தார்கள், துளை போடுகிற மெஷினிங்குக்கும் போனது. அங்கேதான் ஐந்து பாஸில் துளை நடுவில் விழாமல் ஒரு பக்கச் சுவர் மெலிந்து நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். முதல் பாஸ் மட்டும் சரி, அது பழைய டூலில் வெட்டியது. பலகைக் காசு, திரும்ப வார்த்த காசு, அதற்கும் மேல் அந்த ஃபவுண்டரியில் எங்கள் மேல் இருந்த நம்பிக்கை, எல்லாம் போனது.

இன்று வரை இதில் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், இதைத் தடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பதுதான். உங்கள் மெஷினில் டூல் முனையைப் பின்தொடரும் வசதி இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டிசிபி என்பார்கள். ஃபானுக்கில் ஜி43.4, சீமென்ஸில் டிராஓரி, ஹைடன்ஹைனில் எம்128. இருந்தால், டூல் மாற்றியதும் அதன் உண்மையான நீளத்தை டூல் டேபிளில் ஏற்றினால் போதும், பழைய புரோகிராமே ஓடும். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அங்கே நீளம் புரோகிராமுக்குள்ளேயே கலந்து வெளிவருகிறது. டூல் 1 மி.மீ. மாறினாலும் புதிய நீளத்தைக் கொடுத்துத் திரும்பப் போஸ்ட் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் உடைந்த டூல் நின்ற அதே நீளத்துக்குப் புதியதை காலெட்டில் (டூலைப் பிடிக்கும் கவ்வியில்) அளந்து நிறுத்துங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு ஹோல்டரிலும் நீளத்தை மார்க்கரால் எழுதி வைக்கிறோம்.

பிவட் அளவையும் மெஷின்காரர் கொடுத்த பேப்பரில் இருப்பதால் சரி என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு முறை தலை இடித்தால் அது மாறிவிடும். சரிபார்க்கும் வழி எளிது. ஸ்பிண்டிலில் (டூலைச் சுழற்றும் தண்டில்) ஒரு நேரான டெஸ்ட் பாரை மாட்டுங்கள். செங்குத்தாக வைத்து அதன் முனையை, மேஜையில் வைத்த உயரமான கட்டை ஒன்றின் மேல் தொட்டு இசட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தலையை 90 டிகிரி சாய்த்து, படுத்திருக்கும் பாரின் அடிப்பக்கம் அதே இடத்தைத் தொடும்படி இறக்கி இசட்டைக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு பாரின் விட்டத்தில் பாதியைக் கூட்டினால், பிவட்டிலிருந்து பார் முனை வரையான நீளம் கிடைத்துவிடும். பார் வெளியே நிற்கும் நீளத்தை அதில் கழித்தால் மெஷினின் பிவட் அளவு. திங்கட்கிழமை காலையில் முதல் வேலை எங்களுக்கு இதுதான். இடித்த நாளிலும் தவறாமல் செய்கிறோம்.

சிமுலேஷனில் ஹோல்டரைச் சேர்க்காமல் விடுவது

பெரும்பாலும் இடிப்பது டூல் இல்லை, ஹோல்டரும் தலையும்தான். இரண்டையும் வரைந்து சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

மெதுவாக ஓட்டினால் பத்திரம் என்று நினைப்பது

பயத்தில் ஃபீடைப் (டூல் நகரும் வேகத்தை) பாதியாகக் குறைத்துவிட்டு ஸ்பிண்டிலை மட்டும் 18,000 சுற்றில் விட்டுவிடுகிறார்கள். அப்போது பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் மரம் கருகும், டூல் மழுங்கும். இரண்டு பல் டூல், பல்லுக்கு 0.2 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 7,200 மி.மீ. ஓட வேண்டும். அவ்வளவு வேகம் ஜாப் தாங்காது என்றால் சுற்றையும் சேர்த்துக் குறையுங்கள்.

கடைசல் தூண் வேலையில் இதுவே வேறு வடிவத்தில் வரும். சுழலும் ஆக்சிஸ் தனியாக ஓடும்போது பல கன்ட்ரோலர்கள் எஃப் எண்ணை (ஃபீட் எண்ணை) நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்றுதான் எடுத்துக்கொள்கின்றன. எஃப்1000 என்று கொடுத்தால் 100 மி.மீ. விட்டமுள்ள இடத்தில் டூல் நிமிடத்துக்கு 873 மி.மீ. நகரும், தூணின் கழுத்து 40 மி.மீ. ஆகக் குறுகும் இடத்தில் 349 தான். கழுத்து மட்டும் கருகிப்போன தூணைப் பார்த்துவிட்டு மரம் சரியில்லை என்று வியாபாரியிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஜி93 இல் (ஒவ்வொரு நகர்வுக்கும் ஆகும் நேரத்தை வைத்து வேகம் கொடுக்கும் முறையில்) போஸ்ட் செய்தால் வேகம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும்.

டூலை நேர் செங்குத்துக்கு மிக அருகில் வைத்து ஃபினிஷிங் ஓட்டுவது

சாய்வு பூஜ்யத்தை நெருங்கும்போது சி ஆக்சிஸ் (தலையைச் செங்குத்து அச்சைச் சுற்றித் திருப்பும் ஆக்சிஸ்) எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சட்டென்று அரைச் சுற்று அடிக்கும், அந்த இடத்தில் ஒரு வட்டத் தழும்பு விழும். மூன்று நான்கு டிகிரி நிரந்தரச் சாய்வு கொடுத்து ஓட்டுங்கள். அதோடு சி ஆக்சிஸுக்கு எல்லை உண்டு. எல்லையைத் தொட்டதும் ஒரு முழுச் சுற்று பின்னால் திரும்பித்தான் மறுபடி வெட்ட வரும். அப்படித் திரும்பும்போது டூல் ஜாபை விட்டு மேலே எழுகிறதா என்பதைப் போஸ்டில் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் ஹோம் அழுத்துவது

டூல் 30 டிகிரி சாய்ந்து பள்ளத்துக்குள்ளே இருக்கும்போது கரண்ட் போகிறது. வந்ததும் பழக்கத்தில் ஹோம் (எல்லா ஆக்சிஸையும் ஆரம்ப இடத்துக்குக் கொண்டுபோகும் பட்டன்) அழுத்துகிறோம். பெரும்பாலான மெஷின்கள் முதலில் இசட்டை நேர் மேலே தூக்கும். டூல் உடையும், சில சமயம் ஜாபும் சேர்ந்து கிழியும். டூல் போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். டூல் திசையில் ஜாக் செய்யும் (பட்டனால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும்) வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கையால் கணக்குப் போடுங்கள்: 30 டிகிரியில் டூல் 10 மி.மீ. வெளியே வர, இசட் 8.66 மேலே, பக்கவாட்டில் 5. இரண்டையும் ஒரே வரியில் கொடுத்து, சின்னச் சின்ன அடியாக எடுங்கள். கன்ட்ரோலருக்கு மட்டுமாவது ஒரு யுபிஎஸ் வைத்தால் நின்ற இடமாவது அதற்கு நினைவில் இருக்கும்.

வேக்கம் பெட்டில் சின்னத் துண்டு

காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் அந்த மேஜையை நம்ப வேண்டாம். கிளாம்ப் போடுங்கள்.

சுருக்க அளவை இரண்டு முறை ஏற்றுவது

உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் பேட்டர்னைப் பெரிதாகச் செய்கிறோம். வார்ப்பிரும்புக்குச் சுமார் 1 சதவீதம், அலுமினியத்துக்கு 1.3, எஃகுக்கு 2. வாடிக்கையாளர் ஏற்கெனவே பெரிதாக்கி அனுப்பிய மாடலை நாமும் ஒரு முறை பெரிதாக்கிவிட்டால், வார்ப்பிரும்புக்கான மீட்டர் நீள பேட்டர்னில் 10 மி.மீ. கூடிவிடும். மாடல் வந்ததும் ஃபோன் எடுத்து, என்ன உலோகம், ஏற்றியாச்சா என்று இரண்டே கேள்வி கேட்டு, பதிலை டிராயிங்கின் மேலேயே பேனாவால் எழுதிவிட்டுத்தான் நான் பலகையைக் கையில் எடுக்கிறேன்.