கலிஃபோர்னியாவில் டிராவல் நர்ஸ் வேலை: எப்படித் தேடுவது, எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது

டிராவல் நர்ஸ் என்றால் ஏஜென்சி வழியாக 13 வாரம் போன்ற குறுகிய கான்ட்ராக்டில் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸ். கலிஃபோர்னியா லைசென்ஸ் கைக்கு வரும் முன்னால் அங்கத்திய வேலை விளம்பரங்களைப் பார்த்து மனசை அலைய விடாதீர்கள். டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா எல்லாம் காம்பாக்ட் மாநிலங்கள், அதாவது ஒன்றின் நர்ஸ் லைசென்ஸை மற்றொன்று ஏற்கும் கூட்டில் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றில் குடியிருந்து மல்டிஸ்டேட் லைசென்ஸ் வைத்திருந்தால் மற்றதற்கு அப்படியே போய் வேலை பார்க்கலாம். கலிஃபோர்னியா அந்தக் கூட்டில் சேரவில்லை, மாநில நர்சிங் போர்டுக்குத் தனியாக எண்டார்ஸ்மென்ட் (வேறு மாநில லைசென்ஸைக் காட்டி இங்கே லைசென்ஸ் கேட்கும்) விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். விண்ணப்பம் பிரீஸ் என்ற அவர்களுடைய இணையதளத்தில், பழைய லைசென்ஸ் சரிபார்ப்பு நர்சிஸ் என்ற இணையதளம் வழியாக. இவை சுலபம். இழுப்பது கைரேகை. வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு மை தடவிய அட்டையைத் தபாலில் அனுப்பினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் லைவ் ஸ்கேன், அதாவது கணினியில் நேராகக் கைரேகை பதிவது, கலிஃபோர்னியாவுக்குள் மட்டும்தான் எடுப்பார்கள். நான் டாலஸிலிருந்து சான் டியேகோவுக்கு ஒரு சனிக்கிழமை விமானம் ஏறிப் போய், ஒரு கூரியர் கடையின் பின்னறையில் பத்து நிமிடத்தில் பத்து விரலையும் வைத்துவிட்டு அன்று இரவே திரும்பினேன். டிக்கெட் செலவு வீண் இல்லை.

நம் ஊரில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெட்-சர்ஜ் (பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும்), குழந்தைகள், மகப்பேறு, மனநலம், முதியோர் என்று ஒவ்வொரு பாடத்திலும் தியரியும் கிளினிக்கலும் எத்தனை மணி நேரம், இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததா என்று இந்த போர்டு கேட்கும். முதல் வருடம் தியரி, அடுத்த வருடம் போஸ்டிங் என்று கல்லூரி எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு உண்மையில் எப்படி நடந்ததோ அது தெளிவாகத் தெரியும்படி கல்லூரி எழுத வேண்டும், அவர்களே முத்திரையிட்டு நேராக அனுப்ப வேண்டும். எனவே ஊருக்கு லீவில் போகும்போதே கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு வாருங்கள். போனில் சொன்னால் நடக்காது.

விசா விஷயமும் இங்கேயே. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் தடையில்லை. எச்4 இஏடி (எச்1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை) வைத்திருப்பவர்களும் சட்டப்படி செய்யலாம், ஆனால் அட்டையின் காலாவதி தேதி கான்ட்ராக்ட் முடியும் நாளைத் தாண்டி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் விசாவில் இருப்பவர்களுக்கு 13 வாரத்துக்கு ஒரு ஊர் என்பது ஒத்துவராது.

நர்ஸ் இல்லாத மற்ற துறைக்காரர்களுக்கும் இதே கதைதான், கதவு மட்டும் வேறு. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுக்குத் தனி போர்டு. எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட் ஏஆர்ஆர்டி என்ற தேசியச் சான்று வைத்திருந்தாலும் மாநில சுகாதாரத் துறையிடம் சிஆர்டி என்ற மாநிலச் சான்று வாங்க வேண்டும், ஃபுளோரோஸ்கோபிக்கும் மேமோகிராமுக்கும் தனித்தனி அனுமதி. பிசியோதெரபிஸ்டுகளின் காம்பாக்டிலும் கலிஃபோர்னியா கிடையாது, போதாததற்கு மாநிலச் சட்டத் தேர்வு வேறு. லேப் ஆட்களுக்கு சிஎல்எஸ் (கிளினிக்கல் லேப் சயின்டிஸ்ட்) லைசென்ஸ் என்பது இவற்றையெல்லாம் விடக் கடினம். அதனாலேயே அதை வாங்கியவர்களை ஏஜென்சிகள் விடாமல் கூப்பிடுகின்றன.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அங்கே போக வேண்டும்? என் பதில் ரேஷியோ, அதாவது ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற வரம்பு. 1999-ல் சட்டம் போட்டு 2004-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 2 நோயாளிகள், ஸ்டெப்-டவுனில் (ஐசியுவுக்கு அடுத்த நிலை வார்டு) 3, டெலிமெட்ரியிலும் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் வார்டு) எமர்ஜென்சியிலும் 4, மெட்-சர்ஜில் 5. அதற்கு முன் வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் இரவு முழுக்க 7 பேரை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதில் ஒரு பாட்டி தண்ணீர் கேட்டு மணியடித்து நான் போய்ச் சேர 40 நிமிடம் ஆனது. ஃபிரெஸ்னோவில் முதல் இரவு, 3 நோயாளிகள், நான் சாப்பிடப் போகும்போது என் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள பிரேக் நர்ஸ் என்று ஒருவர் வந்து நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, எந்த ஊர்? மாநிலம் பெரிது, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸே 380 மைல். எல்லோரும் முதலில் கேட்பது இந்த இரண்டும் சான் டியேகோவும்தான். சான் டியேகோவில் கடலைப் பார்த்து வருபவர்கள் அதிகம், அதனால் சம்பளம் அந்த அளவுக்கு ஏறாது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் சம்பளம் பெரிது, வாடகை அதை விழுங்கிவிடும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது 99-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள்: ஸ்டாக்டன், மொடெஸ்டோ, மெர்சிட், ஃபிரெஸ்னோ, விசேலியா, பேக்கர்ஸ்ஃபீல்ட். வாடகை தாங்கும், ஆள் தேவையும் இருக்கும், முக்கியமாகப் புதிதாக வந்தவரை வேலை செய்ய விடுவார்கள். வெயில் கடுமை, அப்புறம் குளிர்காலத்தில் டூலி மூடுபனி என்று ஒன்று இறங்கும். நைட் முடிந்து காலை ஏழரைக்குக் காரை எடுத்தால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு கூடத் தெரியாது. குளிர்காலத்தில் அங்கே போவதென்றால் மருத்துவமனையிலிருந்து பத்து நிமிடத்துக்குள் வீடு பாருங்கள். பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் இதற்கு நேர்மாறு, குளிருக்குப் பயந்து வரும் முதியவர்களால் குளிர்காலத்தில்தான் அங்கே கூட்டம், வேலையும் அப்போதுதான் திறக்கும். வடக்கே ரெடிங், யுரேக்கா போன்ற ஊர்களில் போட்டி குறைவு, ஆனால் தனியாகப் போகிறவர்களுக்கு அந்தத் தனிமை தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலை தேடும் முறை பலருக்குப் புரிவதில்லை. மருத்துவமனை பெரும்பாலும் நேராக ஏஜென்சியைக் கூப்பிடாது. காலியிடத்தை ஒரு பொதுவான மென்பொருளில் போடும், அதைப் பல ஏஜென்சிகள் ஒரே நேரத்தில் பார்க்கும். ஆகவே பத்து ரெக்ரூட்டர் (ஏஜென்சிக்கு ஆள் பிடிப்பவர்) அனுப்பும் பத்து மெசேஜும் பல சமயம் ஒரே வேலைதான். இரண்டு, அதிகம் போனால் மூன்று ரெக்ரூட்டர்கள் போதும். யாரும் உங்களைக் கேட்காமல் எங்கேயும் சப்மிட் செய்யக்கூடாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு ஏஜென்சி உங்கள் பெயரை அனுப்பினால் குழப்பம் வேண்டாமென்று இரண்டையும் ஒதுக்கிவிடும் மேனேஜர்கள் உண்டு. ஸ்கில்ஸ் செக்லிஸ்ட், இரண்டு சூப்பர்வைசர் ரெஃபரன்ஸ், பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (உயிர்காப்புப் பயிற்சிச் சான்றுகள்), தடுப்பூசி டைட்டர் (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்தச் சோதனை), டிபி சோதனை எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கட்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் என்றால் ஃபயர் கார்டும் (தீ பாதுகாப்புப் பயிற்சி அட்டை) கேட்பார்கள். நல்ல வேலை விளம்பரத்தில் ஒரு நாள் கூட நிற்காது, கோப்பைத் தேடிக்கொண்டிருந்தால் போய்விடும்.

வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சம்பளம், ஒரே வாரம், விமான டிக்கெட்டும் அவர்களே தருகிறார்கள் என்றால் அது வேலைநிறுத்தத்துக்கு மாற்று ஆள் தேடுவது. நான் போகமாட்டேன். அந்த ரேஷியோவையே நர்ஸ் சங்கம் போராடித்தான் வாங்கியது.

இப்போது பணம். 'வாரம் 2,500' என்று மெசேஜ் வந்தால் உடைத்துக் கேளுங்கள். உதாரணத்துக்கு 36 மணி நேரம், மணிக்கு 30 டாலர் என்றால் 1,080 சம்பளம், மீதி 1,420 வாடகைப்படியும் சாப்பாட்டுப்படியும். அந்தப் படிக்கு வரி இல்லை என்று ரெக்ரூட்டர் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் அது உங்களுக்கு வேறு ஊரில் உண்மையான வீடு இருந்து, அதற்கும் செலவு செய்துகொண்டு, இங்கேயும் வாடகை கொடுத்தால்தான். அதைத்தான் டாக்ஸ் ஹோம் என்கிறார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு சூட்கேஸோடு சுற்றினால் முழுப் பணத்துக்கும் வரி. 50 மைல் தள்ளி இருந்தால் படி வாங்கலாம் என்பது ஏஜென்சிகளும் மருத்துவமனைகளும் வைத்த விதி, வருமான வரித் துறை அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீடு வருமான வரியே இல்லாத டெக்சஸில் இருந்தாலும், கலிஃபோர்னியாவில் சம்பாதித்ததற்குக் கலிஃபோர்னியாவுக்கு வரி கட்டியாக வேண்டும்.

ஓவர்டைமைத் தனியாகக் கேளுங்கள். அங்கே நாளுக்கு 8 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு, 12-ஐத் தாண்டினால் இரண்டு மடங்கு என்பது பொதுச் சட்டம். ஆனால் மாற்று வாரம் (குறைந்த நாட்களில் நீண்ட ஷிஃப்ட்) என்ற ஏற்பாட்டை முறைப்படி வைத்திருக்கும் மருத்துவமனைகளில் 12 மணி ஷிஃப்ட் முழுக்க சாதாரண விகிதம்தான். இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டு வேலைகளின் சம்பளத்தை ஒப்பிடவே முடியாது. வேலை செய்த மணி குறைந்தால் படியும் குறையும் என்று எழுதியிருந்தால், அந்தப் படியையும் சேர்த்துத்தான் ஓவர்டைம் கணக்கிட வேண்டும் என்று 2021-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

கான்ட்ராக்டில் நான் முதலில் தேடும் வரி உத்தரவாத மணி நேரம். 36 என்று இருக்கும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிஃப்டை மருத்துவமனை பணம் தராமல் ரத்து செய்யலாம் என்றும் இருக்கும். அதைப் படிக்காமல் ஒருமுறை கையெழுத்துப் போட்டேன். 13 வாரத்தில் 5 ஷிஃப்ட் போயிற்று. இன்னொரு முறை வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டி, காரில் சாமான் ஏற்றிய பிறகு, ஆரம்பத்துக்கு மூன்று நாள் முன்னால் அசைன்மென்ட்டே ரத்து. அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து முதல் இரண்டு வாரம் எக்ஸ்டெண்டட் ஸ்டே ஓட்டல், வார்டைப் பார்த்து, உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டு, அப்புறம்தான் மாத வாடகை அறை. தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ லீவு வேண்டுமென்றால் தேதியோடு கான்ட்ராக்டில் எழுத வையுங்கள், மேனேஜர் வாயால் சொன்னதை ஷெட்யூல் போடுபவர் அறியமாட்டார்.

போனில் இன்டர்வியூ இருபது நிமிடம்தான் இருக்கும். என்னை எந்தெந்த வார்டுக்கு ஃபுளோட் செய்வீர்கள் (ஆள் குறைந்த வேறு வார்டுக்கு அனுப்புவது), வந்த டிராவலர்தான் முதலில் போக வேண்டுமா, ஓரியண்டேஷன் எத்தனை ஷிஃப்ட், சார்ட்டிங் மென்பொருள் எபிக்கா சர்னரா, மூன்று நாளும் சேர்ந்து வருமா பிரிந்து வருமா என்று நீங்கள் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் மேனேஜரின் வார்டில் போய் நிற்காதீர்கள்.

வார்டு பிடித்துப்போனால் எட்டாவது வாரத்திலேயே நீட்டிப்பைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள், பன்னிரண்டாவது வாரம் வரை காத்திருந்தால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒரே ஊரில் ஒரு வருடத்தைத் தாண்டி இருக்கப்போகிறோம் என்று ஆனால் அந்த ஊரே உங்கள் டாக்ஸ் ஹோம் ஆகிவிடும், படிக்கு வரி விழும். நான் காலண்டரில் பத்தாவது மாதத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அது வந்ததும் அடுத்த ஊரைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.