புரோபயாடிக் போட்டும் கோழி தேறவில்லையா?

ஆத்தூர், தலைவாசல் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைக்கிற கோழிப் பண்ணைக்காரர்களில் சிலர், தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு புரோபயாடிக்குக்கு மாறுகிறார்கள். நல்ல காரியம்தான். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியிலிருந்தே முழுதாக நிறுத்திவிட்டது. இங்கேயும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்குக் கொடுக்க 2019-ல் தடை வந்தது. ஆனால் மாறிய கொஞ்ச நாளிலேயே "பவுடர் வேலை செய்யலைங்க" என்ற புலம்பலும் வந்துவிடுகிறது. பாக்கெட்டில் இருப்பது குடலுக்கு நல்லது செய்கிற உயிருள்ள நுண்ணுயிர். பல பண்ணைகளில் அது கோழி வாய்க்குப் போவதற்குள்ளேயே செத்துவிடுகிறது.

பெரும்பாலும் தண்ணீரில்தான் சாகிறது. போர் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுவது நல்ல பழக்கம். அதே டேங்கில் புரோபயாடிக்கில் இருக்கிற லேக்டோபேசில்லஸ் என்ற நுண்ணுயிரைக் கரைத்தால், கெட்ட கிருமியைக் கொல்கிற குளோரின் இதையும் கொல்லும். வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும்போது குளோரினை நிறுத்தி, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலப்பீர்களே, அதே கவனம் இதற்கும் வேண்டும். கூரை மேல் வெயிலில் காய்கிற கறுப்பு டேங்கும் வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீரைக் கோழியே குடிக்காது. நிழலில் ஒரு டிரம் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவு மட்டும் காலையில் கரையுங்கள். கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிள் குழாய்க்குள் வழவழவென்று பாசி படிந்திருந்தால் முதலில் அதைக் கழுவ வேண்டும்.

அடுத்தது தீவன மில். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது நீராவிச் சூடு 80 டிகிரியைத் தொடும். லேக்டோபேசில்லஸ் அதைத் தாங்காது. பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்றவை சூடு தாங்கும் வித்து வடிவில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். லேபிளில் எந்த வகை என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் காசுதான் வீண். மாவுத் தீவனம் என்றால் சூட்டுப் பிரச்சினை இல்லை. ஆனால் அரைக் கிலோ பவுடரை ஒரு டன் தீவனத்தின் மேல் அப்படியே கொட்டினால் சீராகக் கலக்காது. முதலில் பத்துக் கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு மிக்சரில் போடுங்கள்.

ஆன்டிபயாடிக் கொடுக்கிற நாளிலேயே இதையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு கையால் விதைத்து மறு கையால் களைக்கொல்லி அடிக்கிற கதைதான். கால்நடை மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தைக் கொடுத்து முடித்துவிட்டு, அப்புறம் ஆரம்பியுங்கள்.

அதற்காக இதையே மருந்தாக நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் வழி. ரத்தக்கழிச்சலைக் கண்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருந்தாலும், பிடித்தால் கட்டியாகிற அளவுக்குத் தரையில் விரித்த கூளம் ஈரமாக இருந்தாலும், புரோபயாடிக் என்ன செய்யும்? ஏற்காட்டுக் குளிரில் குஞ்சு வளர்ப்பவர்கள் முதல் வாரம் குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற புரூடரில் 33 முதல் 35 டிகிரி சூடு இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். புரோபயாடிக்கை நோய் வந்தபின் கொடுப்பதைவிட முதல் நாளிலிருந்தே கொடுப்பதில்தான் பலன். குடலில் நல்ல கிருமி முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டால் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் ஒட்டிக்கொள்வது கடினம். 1973-லேயே பின்லாந்தில் நூர்மி, ரந்தலா என்ற ஆராய்ச்சியாளர்கள் குஞ்சுகளிடம் இதைக் காட்டினார்கள்.

மோர் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். நாட்டுக்கோழிக்குத் தட்டில் வையுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதில் எந்தக் கிருமி எவ்வளவு என்று தெரியாது. நிப்பிள் குழாயில் மட்டும் ஊற்ற வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

பலன் இருக்கிறதா என்று கண்ணளவில் சொல்லாதீர்கள். ஒரே பேட்ச் குஞ்சை வலை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் கொடுத்து, எடையையும் தின்ற தீவனத்தையும் வாராவாரம் எழுதுங்கள். தண்ணீரில் கொடுப்பதானால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் இருக்க வேண்டும்.