சாவியை எடுத்தும் நிற்காத மெர்சிடிஸ் 240டி

ஒத்தக்கடை உறவினரிடமிருந்து என்னிடம் வந்த பழைய மெர்சிடிஸ் 240டி, 1976இல் அறிமுகமான டபிள்யூ123 வரிசையைச் சேர்ந்தது. சாவியை எடுத்த பின்னும் அதன் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறந்து, அங்குள்ள ஸ்டாப் லீவரை அழுத்த வேண்டியிருந்தது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துப் பயனில்லை. இந்த வண்டியில் சாவியைத் திருப்பி அணைக்கும்போது வேக்குவம் (காற்றை உறிஞ்சும் வெற்றிட விசை) செல்லும் குழாய் திறந்து, டீசல் பம்பின் பின்புறமுள்ள டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இழுக்கப்பட்டு, எரிபொருள் நிற்கிறது. மெக்கானிக் பம்பையே கழற்ற வேண்டும் என்றார். அந்தச் செலவுக்கு நான் உடன்படவில்லை.

கதவுப் பூட்டுகளையும் அதே வேக்குவம்தான் இயக்குகிறது; அங்கே கசிவு இருந்தால் எஞ்சினை நிறுத்தும் விசையும் குறையும் என்பதால், அவற்றுக்குச் செல்லும் கிளைக் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துப் பார்த்தேன். எஞ்சின் உடனே நின்றது. பிறகு மீட்டருடன் கூடிய வேக்குவம் கைப் பம்பை மாட்டிக் கதவு கதவாகச் சோதித்தபோது, மற்றவற்றில் அசையாமல் நின்ற மீட்டர் முள், ஓட்டுநர் கதவில் மட்டும் சரசரவென இறங்கியது. உள்ளே, மதுரை வெயிலில் வெந்துபோன ரப்பர் இணைப்பு, நகம் பட்டாலே உதிர்ந்தது. புதிய ரப்பர் துண்டைப் பொருத்தியதும் முள் நிலைத்தது. ஏனைய கதவுகளின் இணைப்புகளும் அதே வயதுடையவை என்பதால் அவற்றையும் கையோடு மாற்றிவிட்டேன்.