பழைய மேசையும் பழைய பட்டும்: வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வந்த அலமாரி, கட்டில், சாய்வு நாற்காலி, தூண், கதவு எல்லாம் அங்கே கிடைக்கும். இன்றைக்குக் கடையில் வாங்கும் துகள்பலகை அலமாரியில் தண்ணீர் பட்டால் உப்பிவிடும். அந்தக் காலத்துத் தேக்கு அலமாரி இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும். அதனால் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆசைப்பட்டவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

பலர் கதையைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள். "ஜமீன் வீட்டுக் கட்டில் சார், நூற்றைம்பது வருஷம், அசல் பர்மா தேக்கு" என்று சொல்லிவிட்டால் பணப்பை தானாகத் திறக்கிறது. பர்மா தேக்கும் நம் ஊர்த் தேக்கும் ஒரே மர இனம். பாலிஷ் ஏறிய மேல்பரப்பை வைத்து அது எந்தக் காட்டில் வளர்ந்தது என்று சொல்வது நடக்காத காரியம். முகப்பை விட்டுவிட்டு இழுப்பறையை உருவி, திருப்பிப் பாருங்கள். கையால் இழைத்த பலகை என்றால் அடிப்புறத்தில் இழைப்புளி ஓடிய மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்தது. கூட்டல் குறித் தலை உள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் பின்னாளில் ரிப்பேருக்குப் போட்டிருக்கலாம். எல்லா மூட்டிலும் அதுவே இருந்தால் நூற்றைம்பது வருஷக் கதையை மறந்துவிடலாம்.

பழைய கதவையும் உத்தரத்தையும் அறுத்துச் செய்த புது மேசைகளும் உண்டு. அதுவும் நல்ல பொருள்தான், என்னிடம் கேட்டால் தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் பழைய மேசையின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

உளுத்த மரத்தைக் கண்டு பயந்து ஓடவும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் தூக்கி வரவும் வேண்டாம். துளைகள் கறுத்துப் போயிருந்தால் பெரும்பாலும் பழைய கதை. துளையின் உள்பக்கம் வெளிறி, தட்டினால் மாவு உதிர்ந்தால் புழு உள்ளே இருக்கக்கூடும். மருந்து அடித்து, அடியில் கறுப்புத் துணி விரித்துத் தனி அறையில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே மற்ற சாமான்களோடு சேர்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு செய்வது இன்னும் பெரிய தவறு. வீட்டுக்கு வந்ததும் ஆசாரியைக் கூப்பிட்டு, மெஷின் வைத்துத் தேய்த்து, பளபளவென்று பாலிஷ் போடச் சொல்கிறார்கள். பல வருடம் கை பட்டுப் பட்டு ஏறிய நிறம் அரை மணி நேரத்தில் தூளாகப் போய்விடும். பழைய பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குதான். அதன் மேலேயே மெல்லிசாக இன்னொரு பூச்சு கொடுத்தால் போதும். பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு இந்தியாவில் உச்சவரம்பு வந்ததே 2017இல்தான். அந்தத் தூசி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

துணிக்கு வருவோம். பழைய காஞ்சிபுரம் பட்டின் அசல் ஜரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. "பழைய பட்டுப் புடவை வாங்குறோம்" என்று வருபவர்கள் தேடுவது அந்த வெள்ளியைத்தான். கரையையும் உடலையும் தனித்தனி ஓடத்தில் நெய்து கோத்த கோர்வை வேலைக்கு அங்கே ஒரு பைசா கிடையாது. பாட்டியின் கூறைப் புடவையை அப்படி எடைக்குப் போடுவதைவிட வருத்தமான வியாபாரம் வேறில்லை.

வாங்குவதாக இருந்தால் புடவையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பட்டு முதலில் விடுவது மடிப்பில்தான். மடிப்பு நெடுக இழை இற்றிருந்தால் உடுத்த முடியாது. அப்படி இற்றதைக் குஷன் உறையாக்குங்கள், நல்ல நிலையில் இருக்கும் புடவையில் கத்தரி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். துவைத்த பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் போதும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. துணியில் முடிந்த வசம்பு நல்லது.

அப்புறம், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாம் என்று தாத்தா காலத்துப் பெட்டியை வாங்குவோர் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடம் தாண்டிய பொருளைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அந்த வயது இல்லாமல் பழசாகத் தோன்றும் பொருளுக்குக்கூட, அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. கோயில் சிலை, விளக்கு என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் விலைகூடக் கேட்காமல் கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக அளவு. அந்த அலமாரிகள் நடுவே முற்றம் வைத்த பெரிய வளவு வீட்டுக்காகச் செய்தவை. உங்கள் அடுக்குமாடியின் லிஃப்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.