வெந்தயத் தண்ணி: புதுசா குடிக்கத் தொடங்குற ஆக்களுக்கு

சொதிக்குள்ள கொஞ்சம் வெந்தயம் போட ஒருத்தருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை, அது சாப்பாடு. ஆனா சுகர் குறையட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் வெறும் வயித்தில எடுத்தா அது மருந்துக் கணக்கு, அளவு பாக்கத்தான் வேணும்.

1. புறக்கோட்டைக்கு அலையத் தேவையில்லை, வெள்ளவத்தையில எந்தக் கடையிலயும் 100 கிராம் பக்கெட் வாங்கலாம். கல்லுப் பொறுக்குங்கோ.

2. மட்டமா ஒரு தேக்கரண்டி, அது கிட்டத்தட்ட 4 கிராம் வரும். முதல் கிழமை அரைத் தேக்கரண்டி காணும், எடுத்த எடுப்பில கனக்கப் போட்டா வயிறு ஊதி கக்கூசுக்கு ஓட வேண்டி வரும்.

3. நல்லாக் கழுவி, கொதிச்சாறின தண்ணி ஒரு கிளாஸில ஊறப்போட்டு ஃபிரிட்ஜில வைங்கோ. கொழும்பு வெக்கைக்கு வெளிய வச்சா கிருமி பெருகும். முளைக்க வச்சா பச்சையா சாப்பிடாதேங்கோ, 2011ல ஜெர்மனியில ஈ.கோலை எண்ட கிருமி பரவி 50 பேருக்கு மேல செத்ததுக்கு எகிப்திலயிருந்து வந்த வெந்தய விதையில வளத்த முளைதான் காரணம் எண்டு கண்டுபிடிச்சவை.

4. காலமை வழுவழு எண்டு இருக்கும், அருவருக்காதேங்கோ, அந்த வழுவழுப்பு நார்ச்சத்துத்தான் சாப்பாட்டில இருக்கிற சீனி ரத்தத்தில சேருறதை மெதுவாக்குறது, அதால தண்ணியை மட்டும் வடிச்சுக் குடிச்சிட்டு வெந்தயத்தை எறியிறது எனக்கு விளங்காத வேலை. மென்டு விழுங்குங்கோ, கசந்தா மோரோட எடுங்கோ.

5. குளிசையோட சேத்து எடுக்காதேங்கோ, ரெண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கோ, இல்லாட்டி அந்த வழுவழுப்பு குளிசை உடம்பில சேருறதையும் இழுத்தடிக்கும்.

இனி கவனிக்க வேண்டிய ஆக்கள். சுகருக்குக் குளிசை, இன்சுலின் எடுக்கிற ஆக்கள் கிளினிக்கில முதல்ல சொல்லுங்கோ, ரெண்டும் சேந்து சுகர் ஒரேயடியா இறங்கினா நடுங்கும், வேர்க்கும், தலை சுத்தும். வெந்தயம் குடிக்கிறன் எண்டு குளிசையை நிப்பாட்டிற வேலையே வேண்டாம். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற வார்ஃபரின் குளிசை எடுக்கிற ஆக்கள் டொக்டர் ஓம் எண்டால் மட்டும். கச்சான், கடலை ஒத்துவராத ஆக்களுக்கு இதுவும் ஒத்துவராமப் போகலாம், எல்லாம் அவரைக் குடும்பம்தானே.

பிள்ளைத்தாச்சியள் கறியில போடுற அளவோட நிக்கிறதுதான் புத்தி. பிள்ளை பெத்த பிறகு பால் ஊற வெந்தயம் குடுக்கிறது எங்கட வீட்டுப் பழக்கம், எல்லாருக்கும் வேலை செய்யும் எண்டில்லை. குடிச்சா வேர்வையிலயும், குழந்தையின்ட மூத்திரத்திலயும் சீனிப்பாகு மாதிரி ஒரு மணம் வரும். ஒரு பரம்பரை நோயிலயும் இதே மணம் வாறதால, குழந்தையைக் காட்டேக்க வெந்தயம் குடிச்சதை டொக்டருக்கு மறைக்காமச் சொல்லிடுங்கோ.