பெங்களூர் வேலையா? கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்

கோவையிலிருந்து பெங்களூருக்கு வேலை கிடைத்தால், சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கே வீட்டு அட்வான்ஸே பல இடங்களில் ஐந்தாறு மாத வாடகை. 10 மாதம் கேட்பவர்களும் உண்டு. வாடகை 25,000 என்றால் சாவி வாங்கவே குறைந்தது ஒன்றேகால் லட்சம்.

அதனால் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே ஹெச்ஆரிடம், "வீடு மாற என்ன தருவீங்க? முதல் 15 நாள் தங்க இடம் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு இது தினமும் கேட்கிற கேள்விதான். சரி என்றால் மெயிலில் வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை இருக்கலாம், அதையும் பாருங்கள்.

அப்புறம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் முழுப்பரீட்சை முடியும்வரை ஊரிலிருந்தே வேலை பார்க்கக் கேளுங்கள். எனக்கு இரண்டு மாதம் கிடைத்தது.